டைனமோவும் பேட்டரியும்: பழைய கார்களின் வரவு செலவு



கரண்ட் போனதும் நம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை சில நொடி இருட்டில் நிற்கிறோம் அல்லவா? அந்த நேரத்தில் அதைக் கிளப்பிவிடுவது பக்கத்தில் இருக்கும் பேட்டரிதான். ஓட ஆரம்பித்ததும் பேட்டரி கொடுத்ததை எஞ்சின் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் கார்களில் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. பார்க்கிங்கில் துணி போர்த்தி நிற்கும் பழைய அம்பாசிடரையோ ஃபியட்டையோ வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

கார் வந்த புதிதில் அதில் பேட்டரிக்குப் பெரிய வேலை இல்லை. விளக்குக்குக் கார்பைடு கேஸ், ஸ்டார்ட் செய்ய முன்னால் ஹேண்டில். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் ஹேண்டில் சுற்றியவரின் கை முறியும். 1912 மாடல் காடிலாக் காரில்தான் எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதைச் செய்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் வைத்தவர். கல்லாப்பெட்டி திறக்க ஒரு நொடி பலம் போதும். காரும் அப்படித்தான் என்பது அவருக்குப் புரிந்தது. எந்நேரமும் ஓட வேண்டாத மோட்டார் சின்னதாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு நொடிக்குப் பேட்டரி வேண்டும், பேட்டரிக்குச் சார்ஜ் வேண்டும், சார்ஜுக்கு டைனமோ வேண்டும். கார் மின்சாரத்தின் முழுக்கதையும் இதிலிருந்து பிறந்ததுதான்.

நம் நாட்டுக் கார்கள் பெரும்பாலும் இங்கிலாந்து வழியில் வந்தவை. அம்பாசிடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் பிள்ளை. ஆகவே மின்சாமான்களும் பர்மிங்காம் லூகாஸ் கம்பெனி பாணியில் அமைந்தன. 1961-ல் அந்தக் கம்பெனியும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின, சென்னை பாடியில் தொழிற்சாலை. (லூகாஸை ‘இருட்டின் இளவரசர்’ என்று வெள்ளைக்காரர்களே கேலி செய்வார்கள். எனக்கென்னவோ பாதிப் பழி வயரிங்கைப் பராமரிக்காதவர்களுடையது என்றுதான் தோன்றுகிறது.)

டைனமோ எஞ்சினுடன் ஃபேன் பெல்ட்டால் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் வோல்டேஜ் பேட்டரியைவிடக் குறைவு. அப்போது இரண்டையும் இணைத்து வைத்தால், மேட்டுத் தொட்டித் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்குவது போல, பேட்டரி டைனமோவுக்குள் வடிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கட்-அவுட். டைனமோ ஏறக்குறைய 13 வோல்ட்டைத் தொட்டதும் ஒரு சின்ன மின்காந்தம் பாயின்ட்டை இழுத்து இணைப்புக் கொடுக்கும். வேகம் குறைந்தால் விட்டுவிடும். அதே பெட்டியில் இருக்கும் ரெகுலேட்டர், வேகம் கூடும்போது டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போகும் கரண்ட்டைப் படபடவென்று வெட்டி வெட்டிக் குறைத்து, பேட்டரி கொதிக்காமல் காக்கும். டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்க வோல்டேஜும் சமமானால் அணையும், வித்தியாசம் இருந்தால் எரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ‘செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரி போச்சு’ என்று சொல்கிறோம். நல்ல நிலையில் உள்ள எஞ்சினைக் கிளப்ப 150 ஆம்பியர் வீதம் 5 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பார்த்தால் கால் ஆம்பியர்-மணிகூட வராது. உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. மழை இரவில் ஹெட்லைட், பின் விளக்குகள், வைப்பர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். லூகாஸ் சி-40 டைனமோ 22 ஆம்பியர் வரை தரும், ஆனால் வேகமாகச் சுற்றினால்தான். ராசிபுரம் சாலையில் சீராகப் போனால் வரவு மிஞ்சும். சேலம் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் அந்த 15 ஆம்பியரில் பெரும்பங்கு பேட்டரியின் கையிருப்பிலிருந்து போகும். மறுநாள் காலை செல்ஃப் எடுக்காது. பழி செல்ஃப் மேல் விழும். அந்தக் காலத்து டிரைவர்கள் சிக்னலில் ஹெட்லைட்டை அணைத்தது இதற்காகத்தான்.

டைனமோவை ஏன் பெரிதாகச் செய்யவில்லை என்று கேட்பீர்கள். அது தரும் கரண்ட் முழுவதும் சுற்றும் காமுட்டேட்டர் வழியாக, கார்பன் பிரஷ் உரசி வெளியே வர வேண்டும். அதிக வேகமும் அதிக கரண்ட்டும் அதற்கு ஆகாது. ஆல்டர்னேட்டரில் பெரிய கரண்ட் அசையாத சுருளிலிருந்தே வருகிறது. பிரஷ் வழியாகப் போவது காந்தத்துக்கான சின்னக் கரண்ட் மட்டும். சிலிக்கான் டயோடு மலிவானதும் 1960-ல் கிரைஸ்லர் வேலியன்ட் அதைச் சாதாரணக் காருக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் ஆகும். டயோடே கரண்ட்டைத் திரும்ப விடாது என்பதால் கட்-அவுட்டுக்கும் வேலை போயிற்று.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, மாதம் ஒருமுறை பார்க்கிங்கிலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டு அணைப்பதால் பேட்டரிக்கு நன்மை இல்லை. அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். வெளிச் சார்ஜர் போட்டால் காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், மூடிய கீழ்த்தளத்தில் ஒரு பொறி போதும். அக்கம்பக்கத்தார் காரிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுக்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். இன்றைய காரைப் போல நினைத்துக் கேபிளை மாட்டினால் உதவ வந்தவரின் ஆல்டர்னேட்டர் டயோடுகள் எரிந்துபோகலாம். பல வருடம் நின்ற வண்டியின் டைனமோ சார்ஜ் தரவில்லை என்றால் உடனே ரீவைண்டிங்குக்குக் கழற்றாதீர்கள். அதில் எஞ்சியிருக்க வேண்டிய காந்தம் மங்கியிருக்கலாம். பழைய கை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து ஒரு வயரைக் காந்தச் சுருள் முனையில் ஓரிரு முறை தொட்டுப் பார்ப்பார். பல நேரம் அதிலேயே சிவப்பு விளக்கு அணைந்துவிடும்.