ஈழத்தில் ஆங்கிலக் கல்வியும் உத்தியோகமும்: தொழிற்கல்விக் கொள்கையின் வரலாறு

கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கிவரும் முதுமொழி. கோர்ணமேந்து என்பது அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. இம்முதுமொழியை எடுத்துக்காட்டி, எம்மவர் கைத்தொழிலை இழிவாகக் கருதுபவர், மேசை நாற்காலியில் மோகங் கொண்டவர் எனக் கடிந்துரைப்பது மேடைப் பேச்சாளர்க்கும் கல்வி அறிக்கை வரைவோர்க்கும் நெடுநாட் பழக்கமாகிவிட்டது. சிங்களக் கிராமத்துப் பெற்றோர்மீதும் இதே குற்றச்சாட்டு வேறு சொற்களிற் சுமத்தப்பட்டதுண்டு. மனப்பான்மைதான் நோயெனின் போதனையே அதற்கு மருந்தாகும். அம்மருந்து நூறாண்டுக்கு மேலாகத் தாராளமாக வழங்கப்பட்டும் நோய் தீராமையின், நோயைச் சரிவர இனங்கண்டனரா என்று வினவுதல் வரலாற்று மாணவர் கடன்.

1829ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த கோல்புறூக் விசாரணைக் குழுவினர் விதந்துரைத்த சீர்திருத்தங்கள் 1833 அளவில் நடைமுறைக்கு வந்தன. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832இல் ஒழிந்தது. சுதேசிகள் அரசாங்க சேவையிற் சேர்வதற்கு வழி திறக்கப்பட்டது. இதனைத் தாராள சிந்தையின் விளைவென்று போற்றுவார் பலர். அது முழுப் பொய்யன்று. எனினும், ஐரோப்பிய உத்தியோகத்தரின் சம்பளச் செலவு அரசாங்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது என்பதையும், குறைந்த சம்பளத்திற்கு வேலைசெய்யச் சுதேசிகள் கிடைப்பர் என்பதையும் மறத்தலாகாது. நிருவாக மொழி ஆங்கிலமாகவே, ஆங்கிலம் அறிந்தவன் ஒருவகை முதலீட்டுக்கு உரியவனானான். பின்னர்க் கோப்பிச் செய்கை பெருகியது; தெருக்கள் அமைந்தன; 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. கந்தோர் தோறும் இலிகிதர் வேண்டப்பட்டனர்.

வடபகுதியில் இவ்விலிகிதரை ஆக்கிய தொழிற்சாலைகள் மிஷன் பாடசாலைகள். அவற்றை நடத்தியோரின் நோக்கம் இலிகிதரை ஆக்குவதன்று என்பது ஈண்டுச் சுவையான செய்தி. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, கணிதம், வானசாத்திரம், தமிழ், ஆங்கிலம் என்பவற்றைச் சிறப்புறக் கற்பித்தது. கற்றவரோ சுவிசேட ஊழியத்தை விட்டு அரசாங்கக் கந்தோர்களை நாடினர். 1855இல் மேற்பார்வைக்கு வந்த றூபஸ் அண்டர்சன் இந்நிலை கண்டு வருந்தினார். அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன் இதே இடரை வேறு வழியால் வெல்ல முயன்றார். ஆங்கிலத்திற் கற்ற வைத்தியர் அரச சேவையை நாடிச் சென்றுவிடுவராதலின், மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே போதித்தார். தமிழிற் கற்றவன் ஊரில் தங்குவான் என்பது அவர் கணிப்பு. எம் மொழியின் அறிவியல் வளர்ச்சிக்கு அவர் ஆற்றிய தொண்டினைப் போற்றும்போது, அத்தொண்டின் அடியில் உத்தியோகச் சந்தையைப் பற்றிய இக்கூரிய கணிப்பும் கிடந்ததை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

செமினரி மூடப்பட்டமையால் நாட்டம் குன்றவில்லை. வட்டுக்கோட்டையிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். சைவமும் தமிழுமே தம் மூச்செனக் கொண்ட ஆறுமுக நாவலரும் 1872இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலையொன்றைத் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டால் அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலம் கற்க விரும்பிய சைவப் பிள்ளை சமயம் மாறாது கற்பதற்கு இடம் வேண்டுமென்ற அக்கவலையே பின்னாளில் இந்துக் கல்லூரிகள் எழுவதற்கும் அடிகோலியது.

தொழிற்பயிற்சிக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை எனல் பொருந்தாது. 1893இல் கொழும்பு மருதானையில் தொழில்நுட்பப் பாடசாலை திறக்கப்பட்டது. அங்குப் பயின்றவரைப் பெரும்பாலும் ஏற்றவை புகையிரதம், பொதுவேலை, நில அளவை, தந்தி ஆகிய பகுதிகளே. கைத்தொழில் கற்றவனுக்கும் அரசாங்கமே எசமான்! தனியார் கைத்தொழில் என ஒன்று விரிந்து வளராத நாட்டில் அவன் வேறெங்குச் செல்வான்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இயற்கையையும் ஈண்டு நோக்கல் வேண்டும். ஆறில்லை, கிணற்றுநீரை இறைத்துப் பயிரிடும் துண்டு நிலங்கள், அவையும் சீதனத்தாலும் பாகப்பிரிவினையாலும் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்தன. அத்தகைய குடும்பமொன்று, மாதந் தவறாத சம்பளத்தையும் முதுமையில் ஓய்வூதியத்தையும் தரும் வேலைக்கு ஒரு மகனை அனுப்பக் காணியை ஈடுவைத்ததெனின், அது மோகமன்று, கணக்கு. மலாய் நாடுகள் பிரித்தானியர் ஆதிக்கத்துட் பட்டதும் இக்கணக்கு கடல் கடந்தது. புகையிரதப் பகுதியிலும் நில அளவையிலும் திறைசேரியிலும் பணியாற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் தைப்பிங், கோலாலம்பூர், சிரம்பான் முதலிய நகரங்களுக்குத் திரள்திரளாகச் சென்றனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகளால் ஊரிற் கல்வீடுகள் எழுந்தன; கோயில்கள் புதுப்பிக்கப்பட்டன; பாடசாலைகளுக்கு மண்டபங்கள் அமைந்தன. மலாயாப் பென்சனியர் என்றொரு வகுப்பே கிராமங்களில் தோன்றிற்று.

ஆயின் இவ்வாயிலினூடே எல்லோரும் நுழையவில்லை. ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணம் அறவிடப்பட்டது. சுயபாஷைப் பாடசாலையோ இலவசமானது. ஏழையின் பிள்ளைக்குக் கிடைத்த கல்வி கந்தோர் வாயிலோடு நின்றது. எம் சமூகத்தில் வேறொரு தடையும் இருந்தது; அதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. தாழ்த்தப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் பல பாடசாலைகளில் அனுமதி பெறவில்லை; பெற்ற இடத்தும் நிலத்திலோ தனி வாங்கிலோ இருத்தப்பட்டனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமஆசனம் வழங்கவேண்டுமென அரசாங்கம் பணித்தபோது வன்மையான எதிர்ப்பெழுந்தது; சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. எரித்தவர்கள் கல்வியின் மதிப்பை அறியாதவரல்லர். நன்கறிந்தவர், பிறன் மகன் இலிகிதனாவான் என்பதையும் அறிந்தவர். மலையகத் தோட்டங்களிலோ நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. தோட்டப் பிள்ளைகளுக்குச் சுயபாஷையிற் கற்பிக்கும் கடமையை 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துரைமாரிடம் விட்டது. கொழுந்து பறிக்கும் கைகளைக் குறைக்க விரும்பாதவரிடம் அக்கைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பை ஒப்படைத்தால் விளைவு யாதாகும்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் அரசாங்க உத்தியோகம் அவர்களுட் பெரும்பாலோர்க்குச் சட்டப்படியே அடைபட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயாம்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியானார். உலகப் பொருளாதார மந்தம் கந்தோர்களையும் தாக்கிய காலம் அது. மலாயாவிலும் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. கற்றவருக்கு வேலையின்மை என்னும் பிரச்சினை முதன்முறை பெரிதாகத் தலைகாட்டியது. 1932இல் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. பயிர்ச்செய்கை, கைப்பணி, சுகாதாரம் என்பவற்றைக் கிராம வாழ்வோடிணைத்துக் கற்பிக்கும் சீரிய திட்டம். கல்விக் கோட்பாட்டின்படி குறைகூற இடமில்லை. வேறு பாடசாலைகளுக்கும் அது பரவிற்று, ஆனால் வேரூன்றவில்லை. சுயபாஷைப் பாடசாலைக்கு மண்வெட்டியும் ஆங்கிலப் பாடசாலைக்குக் கேம்பிரிட்ஜ்ப் பரீட்சையும் என்று வகுக்கப்பட்டதைக் கிராமத்தார் கவனியாமல் விடவில்லை.

கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டறிக்கையும் இம்முரண்பாட்டினின்று விடுபடவில்லை. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்னும் மாபெருங் கொள்கையை வகுத்த அதே அறிக்கை, மூவகைப் பாடசாலைகளையும் விதந்துரைத்தது. மிகச் சிலர்க்கே இடைநிலைப் பாடசாலை. பெருந்தொகையினர்க்குச் செயல்முறைப் பாடசாலை. இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. செயல்முறைப் பாடசாலை ஏட்டளவில் நின்றது. மத்திய மகாவித்தியாலயங்கள் கிராமத்துப் பிள்ளைக்குத் திறந்த வழியும் உத்தியோகத்துக்கே இட்டுச்சென்றது. பெற்றோர் அறிக்கையின் ஒரு பாதியை ஏற்று மறுபாதியைத் தள்ளிவிட்டனர் எனலாம்.

சுயபாஷைக் கல்வி மேல் வகுப்புகளுக்கு ஏறிற்று. 1942இல் 904 மாணவரோடு தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்வி 1965இல் ஏறத்தாழ 14,000 மாணவரைக் கொண்டதாயிற்று. பெரும்பாலோர் கலைத்துறையினர், அவர்களை ஏற்கும் கந்தோர்களோ அவ்வேகத்தில் வளரவில்லை. இதற்கிடையே 1956ஆம் ஆண்டின் அரசகருமமொழிச் சட்டம் தமிழரின் உத்தியோக வாயிலைத் திடீரெனக் குறுக்கிற்று. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் தேறாமையால் 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்னும் இலிகிதர் நீதிமன்றத்தை நாடினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம் அம்மாற்றத்தை நிராகரித்து, மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவை மீண்டும் உயர்நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கூறப்படவேயில்லை. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டது 1987இலேயாம். நூறாண்டாக ஒரு வாயிலையே நம்பி அமைந்த சமூகத்துக்கு இச்சட்டம் எத்தகைய அடி என்பதை மொழிப் பற்றின் அளவுகோலால் மாத்திரம் அளத்தல் போதாது.

1971 ஏப்ரிலில் தெற்கில் ஆயிரக்கணக்கான இளைஞர் ஆயுதமேந்தி எழுந்தனர். அவருட் பெரும்பாலோர் சுயபாஷையிற் கற்றும் வேலையற்றிருந்த கிராமத்துப் பிள்ளைகள். அவ்வாண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் ஆராய்ந்த சர்வதேசத் தொழில் நிறுவனக் குழுவினர், வேலையற்றோர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் எனக் கண்டனர். கல்லாதவரினும் க.பொ.த. வரை கற்ற இளைஞரிடையே வேலையின்மை மிகுந்திருந்தது. அவர்கள் கல்வியை மாத்திரம் குறைகூறவில்லை. மேசை வேலைக்கும் உடலுழைப்புக்குமிடையே ஊதியத்திலும் பாதுகாப்பிலும் உள்ள இடைவெளியைக் குறைக்கவும் கூறினர். கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் பொஸ்டர் என்பார் 1965இலேயே இதனையொத்த முடிவை வெளியிட்டிருந்தார். பாடசாலையிற் கைத்தொழில் கற்பிப்பதால் மாணவரின் நாட்டம் மாறாது; தொழிற்சந்தை தரும் பயனே நாட்டத்தை ஆக்குகிறது என்பது அவர் வாதம். இலங்கை அரசாங்கம் அறிக்கையின் எளிய பாதியையே பற்றியது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் எல்லாப் பாடசாலைகளுக்கும் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொணர்ந்தது. இம்முறை ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே பாடத்திட்டம் என்பதைப் பாராட்டல் வேண்டும். ஆயினும் கற்பிக்கத்தக்க ஆசிரியரும் கருவிகளும் போதியனவாக இல்லை. ஊதிய இடைவெளியும் பெரிதும் குறையவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதே காலத்தில் வன்னியில் நிகழ்ந்ததொன்று எந்த அறிக்கையினும் தெளிவாகப் பேசுகிறது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் படித்த வாலிபர்க்கெனக் குடியேற்றத் திட்டங்கள் அமைக்கப்பட்டிருந்தன. 1970ஐ அடுத்த ஆண்டுகளில் மிளகாய், வெங்காயம் என்பவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட, விலை ஏறிற்று. உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் களைத்த இளைஞர் காடு வெட்டிக் கிணறு தோண்டி, நீரிறைக்கும் இயந்திரம் பூட்டி, மிளகாய்க் கன்று நட்டனர். கைத்தொழில் இழிவு என்று எவரும் கூறவில்லை. மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டியவனுக்குப் பெண் கொடுக்கவும் தயங்கவில்லை. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மிளகாய் விலை சரிந்தது. அக்காலத்திலேயே மேசன், தச்சன், மின்னிணைப்பாளன் என்போர்க்கு அராபிய நாடுகளில் நல்ல சம்பளம் கிடைக்கும் என்ற செய்தி ஊர்களுக்கு எட்டிற்று. க.பொ.த. சித்தியெய்திய பிள்ளைகள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் கரண்டி பிடிக்கவும் குழாய் பொருத்தவும் பழகத் தொடங்கினர்.