மழித்தலும் சுதந்திரமும்: புதுக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆடவர் காலைதோறும் ஆடிமுன் நின்று தம் முகமயிரைத் தாமே களைவதும் திருத்துவதும் இன்று மிக எளிய செயல். எளிய செயல்களுக்கு வரலாறு எழுதுவார் அரியர். மன்னர் முடி சூடிய ஆண்டுகளை நுணுகி ஆராயும் நாம், குடிகள் முடி களைந்த முறையை ஆராய்ந்தோமில்லை. எனினும், கத்தி யார் கையில் இருந்தது, எவ்விடத்தில் இருந்தது, அக்கைக்குக் கிடைத்த ஊதியம் யாது என்று வினவப் புகுவோமாயின், இச்சிறு செயல் ஊர் வாழ்வின் உட்கூற்றைக் காட்டும் ஆடியாகிவிடும். புதுக்கோட்டை வட்டாரத்தை நிலைக்களமாகவும், பிறவிடத்துச் சான்றுகளைத் துணையாகவும் கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

புதுக்கோட்டைக்கு அணித்தே மயிரைப் பற்றிய இருவேறு நினைவுகளைத் தாங்கிய இரு குன்றுகள் உள்ளன. ஒன்று சித்தன்னவாசல். அதன் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமண முனிவர் கிடந்த கற்படுக்கைகளும், கிறித்துவுக்கு முற்பட்டதென அறிஞர் கருதும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் காணப்படுகின்றன. சமண முனிவர் தம் தலைமயிரையும் முகமயிரையும் கத்தி கொண்டு களைவதில்லை; தம் கையாலேயே பறித்தெடுப்பர். நோன்பின் கடுமை ஒன்றே இதற்குக் காரணம் அன்று. கத்தி வைத்திருப்பின் அஃது உடைமையாகும். பிறன் ஒருவனை நாடின் அவனுக்குக் கடன்பட நேரும். மயிரை வளரவிடின் அதில் தங்கும் சிற்றுயிர்க்குத் தீங்கு நேரும். இம்மூன்றையும் விலக்கவே பறித்தலை மேற்கொண்டனர். ஆகவே, தன் மயிரைத் தானே களைதல் என்னும் வழக்கம், பிறர்க்குக் கடன்படாமை என்னும் கருத்தோடு இந்நாட்டில் தொன்றுதொட்டே பிணைந்திருந்தது எனலாம்.

மற்றொன்று குடுமியான்மலை. ஆங்குக் கோயில் கொண்ட இறைவன் சிகாநாதர் எனப்படுவார். சூட்டிய மலரில் மயிர் இருக்கக் கண்டு அரசன் சினந்தான் என்றும், இறைவனுக்கே குடுமி உண்டு என்று அருச்சகர் கூறிவிட்டார் என்றும், அச்சொல்லை மெய்ப்பிக்க இலிங்கத்தில் குடுமி தோன்றிற்று என்றும் தலக்கதை கூறும். குடுமி என்பதற்கு மலையுச்சி என்னும் பொருளும் உண்மையின், ஊர்ப்பெயர் முன்னே தோன்றிக் கதை பின்னே எழுந்திருத்தலும் கூடும். அஃது எவ்வாறாயினும், ஒரு குன்றில் மயிரை நீக்குதல் துறவின் அடையாளம். மறு குன்றில் மயிர் இருத்தல் அருளின் அடையாளம். இவ்விரு புற அடையாளங்களையும் ஒருசேர வைத்து எண்ணியவர் வள்ளுவர். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், உலகம் பழிப்பதை ஒழித்தவர்க்கு மழிப்பதும் வேண்டா, நீட்டுவதும் வேண்டா என்பது அவர் கருத்து.

மயிர் களையும் கருவியும் பழந்தமிழர்க்குப் புதிதன்று. முடத்தாமக் கண்ணியார் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், விறலியின் குழையணிந்த காதிற்கு மயிர் குறைக்கும் கருவியின் அழகிய கடைப்பகுதி உவமையாகின்றது. விரல் நுழையும் வளையத்தையுடைய கத்தரிகை கேட்போர் அனைவர்க்கும் பழக்கமான பொருளாக இருந்தாலன்றிப் புலவர் அதனை உவமையாக்கியிரார். மேலும், ஒரு பெண்ணின் அழகைப் புனையும் இடத்தில் இக்கருவியை எடுத்தாள அவர் கூசவில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. கருவியையோ அதனைக் கையாண்ட தொழிலையோ இழிவாக எண்ணும் மனப்போக்கு அவ்வுவமையில் இல்லை.

இடைக்காலத்தில் இத்தொழிலாளர் பெற்றிருந்த நிலையை அறிய, இவ்வட்டாரத்தை விட்டுக் காஞ்சிபுர மாவட்டத்துத் திருமுக்கூடலுக்குச் செல்லுதல் வேண்டும். ஆங்குள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து இயங்கிய பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றைக் குறிப்பிடுகின்றது. மருத்துவர், அறுவை செய்வார், மருந்து கொணர்வார், பணிப்பெண்டிர் ஆகியோருடன் நாவிதரும் அச்சாலையின் பணியாளராக எண்ணப்படுகின்றார். கூரிய கத்தியைக் கையாளத் தெரிந்தவர், கட்டியைக் கீறவும் புண்ணைத் தூய்மை செய்யவும் வல்லவர் ஆதலின் இஃது இயல்பே. மருத்துவர் என்னும் பெயர் இக்குலத்தார்க்கு வழங்கி வருவதும், அக்குலப் பெண்டிர் மருத்துவச்சியராய்ப் பேறு பார்த்ததும், தென்பாண்டி நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பரியாரி என்னும் பெயர் வழங்குவதும் இதனை வலியுறுத்தும். பிற்காலத்தில் ஆனந்தம் பண்டிதர் சித்த மருத்துவராகத் திகழ்ந்து, தம் குலத்தாரின் மதிப்புக்காக வாதாடியதும் இத்தொடர்ச்சியின்பாற்பட்டதே.

இனி, ஊர் வழக்கைக் காண்போம். அடைப்பம் என்னும் பையில் மடக்குக் கத்தி, சாணைக்கல், தோல்வார், கிண்ணம், கத்தரிகை, படிகாரம் முதலியன இருக்கும். நாவிதர் அதனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடுதோறும் வருவார். ஆனால் வீட்டினுள் வாரார். திண்ணை, கொல்லை, மாட்டுக்கொட்டில், மரநிழல் என்பனவே அவர்க்குரிய இடங்கள். செவ்வாயும் வெள்ளியும் ஆகா. பணி முடிந்ததும் மழித்துக்கொண்டவர் நீராடிய பின்னரே வீட்டினுள் புகுவார். தம் கழுத்தருகே கத்தி வைக்க ஒருவரை முழுதும் நம்பிய ஊர், அவர் தொட்டதற்காக நீராடிற்று. இம்முரண்பாடே இவ்வழக்கத்தின் உயிர்நிலை எனலாம். நாவிதர் தொடுவதனைத் தீட்டாகக் கொண்ட அதே ஊர், ஒடுக்கப்பட்ட மக்களை அவர் தொடுவதையும் தடுத்தது. அம்மக்கள் தம்முள் ஒருவரைக் கொண்டோ, தாமேயோ மயிர் களைந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆகவே, வீட்டில் தானே மழித்துக்கொள்ளுதல் சிலர்க்கு நாகரிகமாக வந்து சேருமுன்னரே, வேறு சிலர்க்குக் கட்டாயமாக இருந்தது.

இப்பணிக்கு ஊதியம் காசாக அன்று, களத்து நெல்லாக வழங்கிற்று. அறுவடையின்போது ஊர்ப்பணியாளர் ஒவ்வொருவரும் பெறும் பங்கிற்குச் சுதந்திரம் என்று பெயர். இன்று விடுதலையைக் குறிக்கும் இச்சொல், அன்று ஒரு குடும்பத்தை ஓர் ஊரோடு தலைமுறை தலைமுறையாகப் பிணைத்த நெற்பங்கையும் குறித்தது. பங்கு உரிமையாதலின் அவர் பட்டினி கிடக்கவில்லை. பணி கடமையாதலின் அவர் மறுக்கவும் இயலவில்லை. ஒரே சொல் ஒருங்கே பாதுகாப்பும் தளையுமாக நின்றது.

இத்தளையை நாம் நன்கு உணர உதவும் நிகழ்ச்சி ஒன்று தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. 1893இல் அந்நாடு சென்ற காந்தியடிகளுக்குப் பிரிட்டோரியா நகரில் ஆங்கிலேய நாவிதர் ஒருவர் முடி வெட்ட மறுத்தார். அடிகள் உடனே கருவியை விலைக்கு வாங்கி, ஆடிமுன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்புறம் ஒருவாறு அமைந்தது, பின்புறம் கெட்டது. நீதிமன்ற நண்பர்கள் நகைத்தனர். அடிகளோ அந்நாவிதரைக் குறை கூறவில்லை. நம் நாட்டில் தீண்டப்படாதாராக ஒதுக்கப்பட்ட உடன்பிறப்புகளுக்கு நம் நாவிதர் பணி செய்ய நாமே விடுவதில்லையே என்று தம் தன்வரலாற்றில் எழுதினார். தானே மழித்தலும் தானே வெட்டிக்கொள்ளுதலும் வெறும் சிக்கனம் அல்ல, மறுப்புக்கு விடையாகவும் தன்னாய்வாகவும் அமையக் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

பொதுமக்கள் கையில் கத்தியைக் கொணர்ந்தது ஓர் எளிய பொறியமைப்பு. மடக்குக் கத்தியைச் சாணையில் தீட்டித் தோல்வாரில் உரசி, சரியான சாய்வில் பிடித்து இழுக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். கில்லெட் என்னும் அமெரிக்கர் 1904இல் காப்புரிமை பெற்ற கருவியிலோ, மெல்லிய இருமுனைத் தகடு இரு தட்டுகளுக்கிடையே அடங்கி, விளிம்பு மட்டும் சிறிதே வெளித்தோன்றும். சாய்வைக் கருவியே வரையறுத்துவிடுதலின் கைத்திறனின் தேவை குறைந்தது. முனை மழுங்கின் தீட்டவேண்டுவதில்லை. தகட்டை மாற்றினால் போதும். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்க்கு இத்தகைய கருவிகள் ஏறத்தாழ 35 இலட்சம் வழங்கப்பட்டன. காலப்போக்கில் பிளேடு என்னும் சொல் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் வீட்டுச் சொல்லாயிற்று. மயிரை நீரில் நன்கு நனைத்து இளக்குதல், வளர்ந்த திசையிலேயே முதற்கண் இழுத்தல், கீறல் பட்ட இடத்தில் படிகாரம் தேய்த்தல் என்னும் நாவிதர் நுணுக்கங்களை மட்டும் ஆடவர் பார்த்தே கற்றுக்கொண்டனர். ஆசான் யார் என்பதை அவர்கள் எண்ணியிலர்.

எம் பாட்டனார் இத்தகைய கருவி வாங்கிய பின்னரும், திண்ணைத் தூணில் ஆடியை மாட்டி ஆங்கேதான் மழித்துக்கொள்வார். வீட்டினுள் மழித்ததை யாம் கண்டதில்லை. கருவி மாறிற்று, கை மாறிற்று, இடம் மாறவில்லை. தீட்டு என்னும் எண்ணம், அதற்குக் காரணமாகக் கூறப்பட்ட ஆள் அகன்ற பின்னரும் நெடுநாள் தங்கியிருந்தது என்பதற்கு அத்தூண் எமக்குச் சான்று. எம் தலைமுறையில் அவ்வாடி குளியலறைக்குச் சென்றது. இன்று டிரிம்மர் என்னும் மின்கருவி படுக்கையறையிலும் புகுந்துள்ளது.

தகடு வீட்டினுள் புகுந்த காலத்தை ஒட்டியே சட்டமும் மாறிற்று. புதுக்கோட்டைத் தனியரசு 1948 மார்ச்சு 3 அன்று இந்தியாவோடு இணைந்தது. அவ்வாண்டு நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், கடை என்னும் சொல்லுக்கு, நாடிவரும் எவர்க்கும் பணி செய்ய முன்வரும் இடம் என்று அம்பேத்கர் விரிந்த பொருள் கூறினார். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், கடை என்பதனுள் முடிதிருத்தும் நிலையத்தையும் வெளிப்படையாகவே அடக்கிற்று. களத்து நெல் காசாயிற்று, அடைப்பம் கடையாயிற்று. தொழிலாளர் விலை கூறவும் கடையடைத்து ஓய்வு கொள்ளவும் உரிமை பெற்றனர். எனினும், சிற்றூர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோர்க்கு முடிதிருத்த மறுக்கும் செய்திகள் தமிழ்நாட்டில் இந்நூற்றாண்டிலும் வந்தவண்ணம் உள்ளன. எனவே அவ்வரலாறு முடிந்துவிட்டதெனக் கூறுதற்கில்லை.

2020 மார்ச்சு 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது முடிதிருத்தும் நிலையங்கள் ஏறத்தாழ இரு திங்கள் மூடிக் கிடந்தன. செல்வரும் வறியரும் ஒருபடித்தாக வீட்டிலேயே தாடி திருத்தினர். மனைவியும் மக்களும் கத்தரிகை ஏந்தினர். பலர் அப்பொழுதுதான் பிறர் கைத்திறனின் அருமையை உணர்ந்தனர். களத்துச் சுதந்திரம் இல்லாத காலத்தில், கடை மூடிய தொழிலாளர்க்கு உணவு யாங்ஙனம் என்னும் வினாவும் அப்பொழுதே எழுந்தது. விடுதலை வந்தபோது பாதுகாப்பு உடன் வரவில்லை என்பதை அவ்விரு திங்கள் காட்டின.

தானே மழித்தல் மேனாட்டு நாகரிகத்தின் விளைவு என்பாரும், நேரமும் பணமும் மிச்சமாதலின் பரவிற்று என்பாரும் உளர். அவை காரணத்தின் ஒரு கூறே. சித்தன்னவாசல் முனிவர் முதல் இற்றை இளைஞர் வரை இச்செயலில் இழையோடுவது, பிறர் கைக்குக் கடன்படாமை என்னும் விழைவு. முனிவர் உடைமையைத் துறந்து அதனை எய்தினர். நாம் உடைமையொன்றை வாங்கி எய்தினோம். ஆனால் கடன் தீர்ந்ததா என்பதே வினா.

அதற்கு விடை மொழியில் உள்ளது. மயிர் என்னும் சொல்லை மானத்தைப் பேசும் குறளில் வள்ளுவர் கவரிமாவுக்கு இயல்பாக ஆண்டார். இன்று அது வசைச்சொல். மழித்தல் நூல்வழக்கில் நின்று மதிப்போடு வாழ்கின்றது. அதே பொருளுடைய சிரைத்தல் என்னும் சொல்லோ ஊர்வழக்கில் தொழிலாளர் வாயிலாக வழங்கியமையின் ஏச்சாக இழிந்தது. பயனற்ற வேலை செய்பவனை நோக்கி அச்சொல்லை எறிவோர், அன்று காலை தாமே ஆடிமுன் நின்று செய்த செயலும் அதுவே என்பதை மறந்துவிடுகின்றனர். தன் முகத்தைத் தானே சிரைத்துக்கொள்ளும் ஒருவன் அத்தொழிலை இழிவென்று கூறுதற்கு என்ன அடிப்படை உண்டு? கத்தி வீட்டினுள் வந்துவிட்டது. கத்தி பிடித்த கைக்கு உரிய மதிப்பு இன்னும் திண்ணையிலேயே நிற்கின்றது. அதனையும் உள்ளே அழைத்துக்கொள்ளும்வரை இவ்வட்டாரத்துச் சுதந்திரத்தின் வரலாறு நிறைவுறாது என்பதே இவ்வாய்வால் யாம் கண்ட முடிபு.