ஒன்றன்மேல் ஒன்று

விண்டோஸ் 1.0 பற்றிப் பேச்செடுத்தால் இப்போதும் ஒரு சிரிப்பு எழும். 1985 நவம்பரில் வந்த அதில் நிரல்களின் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட முடியாது. தரையில் டைல்ஸ் ஒட்டினது மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். பாவம், அவங்களுக்கு அப்போ அவ்வளவுதான் முடிஞ்சதுன்னு சொல்லிவிடுவார்கள். அது நியாயமான தீர்ப்பு இல்லை.

ஒன்றையொன்று மறைக்கும் சாளரங்கள் எழுபதுகளிலேயே கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில், ஆலன் கே குழுவின் ஸ்மால்டாக்கில் இருந்தன. சின்னத் திரை, நிறைய வேலை. மேஜையில் காகிதங்களைக் குவிப்பதுபோல் குவித்துக்கொள்ளலாம். 1979-ல் அதைப் பார்க்க வந்த ஆப்பிள்காரர்களில் பில் அட்கின்சனும் ஒருவர். பாதி மறைந்து கிடக்கும் சாளரமும் தன்பாட்டுக்குத் தன்னைத் திருத்தி வரைந்துகொள்வதைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு திரும்பினார். உண்மையில் ஸ்மால்டாக்கில் அந்த வசதியே கிடையாது! அவர்கள் செய்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையிலேயே உட்கார்ந்து, கோணல்மாணலான பரப்புகளை வேகமாக வரையும் வழியைத் தானே கண்டுபிடித்தார். லிசாவும் மேக்கின்டாஷும் அதன்மேல்தான் நின்றன.

அதே ஜெராக்ஸ் 1981-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டாரிலோ சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்கவில்லை. தெரியாமல் அல்ல. சாளரங்களை இழுத்து, ஒதுக்கி, ஒழுங்குபண்ணுவதிலேயே ஆட்களின் நேரம் போவதை வடிவமைத்தவர்கள் கவனித்திருந்தார்கள். பார்க்கின் சீடர் என்ற சூழலும் டைல்ஸ் கட்சிதான். அங்கிருந்து மைக்ரோசாஃப்டுக்கு வந்த ஸ்காட் மெக்ரெகர்தான் விண்டோஸ் 1.0 குழுவை நடத்தினார். ஆப்பிளுக்குப் பயந்து டைல்ஸ் போட்டார்கள் என்றொரு கதை சுற்றுகிறது. ஆள் வந்த இடத்தைப் பார்த்தால் அந்தப் பயம் தேவைப்பட்டிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1986-ல் ஜெராக்ஸின் சாரா பிளையும் ஜாரெட் ரோசன்பர்க்கும் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். சாளரங்களை அதிகம் தொடத் தேவையில்லாத வேலையில் டைல்ஸ் முந்தியது. அடிக்கடி நகர்த்தவேண்டிய வேலையில் மறைக்கும் முறை முந்தியது, அதுவும் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும்.

சந்தை இதையெல்லாம் கேட்கவில்லை. 1987-ல் விண்டோஸ் 2.0 கட்சி மாறியது. மறுவருஷம் ஆப்பிள் வழக்குப் போட்டது. பட்டியலிட்ட 189 அம்சங்களில் 179-க்கு 1985-ல் போட்ட ஒப்பந்தமே அனுமதி தந்துவிட்டது என்றது நீதிமன்றம். மிஞ்சிய பத்தில் இந்த ஒன்றன்மேல் ஒன்றும் இருந்தது. கடைசியில் ஆப்பிள் தோற்றது.

டைல்ஸ் கட்சி லினக்ஸ்காரர்களிடம் ஒதுங்கியது: 2006-ல் டிடபிள்யூஎம், 2009-ல் ஐ3. 2024-ல் வந்த மேக்கின் செகோயா பதிப்பில், சாளரத்தைத் திரையோரத்துக்கு இழுத்தால் போதும், பாதித் திரையில் கச்சிதமாக ஒட்டிக்கொள்கிறது.