காத்திருக்கத் தகுந்தவர் யார்?

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். கன்று வாங்க வருகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பிறகு சுழி, திமில், காலின் நிலை. விலை பேசுவது துண்டுக்கு அடியில், விரல்களைப் பிடித்து. அவர் விலை கொடுப்பது எதிரில் நிற்கிற கன்றுக்கு அல்ல. இரண்டு மூன்று ஆண்டு கழித்து அது ஆகப்போகிற மாட்டுக்கு. அதுவரை தீனி போட வேண்டும், நோய் நொடி பார்க்க வேண்டும். இதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் அந்த விரல் மடங்கும்.

மனிதர்களைப் பற்றிய கட்டுரையை மாட்டில் தொடங்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். தொடங்கியது நானல்ல. ஏலம், அடிப்படை விலை, கையிருப்புத் தொகை என்ற சொற்களை விளையாட்டு உலகமே எடுத்துக்கொண்டுவிட்டது. இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் ஓர் எதிர்காலத்தின் மேல் பணம் கட்டுவது. யாருடைய எதிர்காலத்துக்காகக் காத்திருக்கலாம் என்று முடிவு செய்வது. அந்த முடிவில் பெண் குழந்தைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

இந்த முறையைச் சட்டதிட்டத்தோடு வளர்த்தெடுத்ததில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்குள்ள தேசிய ஹாக்கி லீக் 1963இல் மான்ட்ரியாலில் முதல் 'டிராஃப்ட்' நடத்தியது. இது ஏலம் அல்ல, முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது. முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசையில் வாய்ப்பு. இப்போது பெரும்பாலும் 18 வயதுப் பையன்களைத்தான் எடுக்கிறார்கள். எடுத்த உடனே களத்தில் இறக்கிவிடுவதில்லை. கீழ்நிலை லீகில் ஆடவிடுகிறார்கள். உடம்பு தேறட்டும் என்று விடுகிறார்கள். கோல்காப்பாளர் என்றால் இன்னும் நீண்ட பொறுமை. அணியின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பையனின் ஆட்டத்தைப் பல முறை பார்க்கிறார்கள். பயிற்சியாளரிடம் விசாரிக்கிறார்கள், பையனோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். இவன் இன்று எவ்வளவு ஆடுகிறான் என்பதைவிட 24 வயதில் எப்படி ஆடுவான் என்பதே கேள்வி. தேர்வானவர்களில் பலர் கடைசிவரை முதல்நிலை அணிக்கு வருவதே இல்லை. அந்த நட்டமும் கணக்கில் சேர்ந்ததுதான்.

அதே வட அமெரிக்காவில் பெண்களுக்கென்று இப்போதுள்ள தொழில்முறை ஹாக்கி லீகின் முதல் டிராஃப்ட் நடந்தது 2023 செப்டம்பரில், டொராண்டோவில். இரண்டுக்கும் நடுவில் 60 ஆண்டுகள். முதல் ஆளாக மினசோட்டா அணி எடுத்த டெய்லர் ஹைஸுக்கு அப்போது 23 வயது. பல்கலைக்கழக ஆட்டத்தை முடித்து, நாட்டுக்காக ஆடி, தன்னை முழுதாக நிரூபித்துவிட்டு வந்தவர். மற்றவர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான். பையனை 18 வயதில் எடுத்து அணியின் செலவில் பழுக்க வைக்கிறார்கள். பெண்ணோ தன் வீட்டுச் செலவிலும் கல்லூரிச் செலவிலும் பழுத்துவிட்டு வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். ஹாக்கி இந்தியா லீக் 2013இல் தொடங்கி 2017க்குப் பிறகு நின்றுபோனது. மீண்டும் வந்தபோதுதான், 2024 அக்டோபரில், பெண்களுக்கும் முதன்முறையாக ஏலம் நடந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் கையிருப்பு 4 கோடி ரூபாய், பெண்கள் அணிக்கு 2 கோடி. ஆண்களில் அதிக விலைக்குப் போன ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம். பெண்களில் அதிக விலைக்குப் போன உதிதாவுக்கு 32 லட்சம். தமிழ்நாட்டின் பெயரில் ஆண்கள் அணி ஒன்று இருந்தது. 2025 ஜனவரியில் பெண்களின் முதல் பருவம் நான்கு அணிகளோடு நடந்தபோது, தமிழ்நாட்டுக்கென்று பெண்கள் அணி இல்லை. ஒரு நல்ல விதி இருந்தது: 24 பேர் கொண்ட அணியில் நான்கு பேராவது இளையோராக இருக்க வேண்டும். காத்திருப்பதைக்கூட விதி போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட்டில் இதைவிடப் பளிச்சென்ற காட்சி ஒன்றைப் பார்த்தோம். 2024 டிசம்பரில் பெங்களூரில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 16 வயது ஜி. கமலினி, 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து ஏறி 1.6 கோடிக்கு மும்பை அணிக்குப் போனார். அன்று என் வகுப்பு மாணவிகள் கைப்பேசியைச் சுற்றிக் கூடி நின்றார்கள். ஒருத்தி கேட்டாள், "மேடம், பதினாறு வயசுல அந்தப் பொண்ணு வீட்டுல எப்படி மேடம் விட்டாங்க?" தொகையைப் பற்றி அவள் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1992ஆம் ஆண்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தொந்தரவு உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது அந்த ஆண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உருவாக்கப்பட்டதும் அதே ஆண்டு. ஒரே அரசு, ஒரே காலம். ஒரு கையால், வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பெண் குழந்தைகளை வாங்கிக்கொள்ளத் தொட்டில் வைத்தது. மறு கையால், நாளைக்கு ஓடவும் தாண்டவும் கூடிய குழந்தைகளைத் தேடிப் பிடிக்க அலுவலகம் வைத்தது. தொட்டில் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கிருஷ்ணகிரி பிரியாத தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011இல் அது 913 ஆக உயர்ந்தது. அப்போதும் மாநிலச் சராசரி 943.

இந்த எண்களை நான் ஒரு தேர்வுப் பட்டியலாகத்தான் படிக்கிறேன். குழந்தையைப் பார்த்து அதன் இருபதாண்டுகளைக் கணக்குப் போடுவது அணி முதலாளிகள் கண்டுபிடித்த வித்தையல்ல. வளர்க்க எவ்வளவு, கட்டிக்கொடுக்க எவ்வளவு, திரும்பி வருவது என்ன என்று எங்கள் ஊர்த் திண்ணைகளில் அதே கணக்கு நடந்தது. பையனுக்குப் பொறுத்திருக்கலாம், பெண்ணுக்குக் கூடாது என்பதே அங்கும் விடையாக வந்தது.

உயிரோடு தப்பித்த பெண்ணுக்கு அடுத்த தேர்வு பன்னிரண்டு வயதில். விளையாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். மாவட்டத் தலைநகரில் முதல் தேர்வு, அதில் தேறினால் மாநிலத் தேர்வு. ஓட்டம், தாண்டுதல், ஆட்டத் திறன், சான்றிதழ்கள். சேர்ந்துவிட்டால் தங்குமிடம், சத்தான சாப்பாடு, பயிற்சி, சீருடை எல்லாம் இலவசம். நல்ல திட்டம்தான். ஆனால் அந்த வகுப்புகளை வயதாக மாற்றிப் பாருங்கள்: 12, 13, 14, 16. பூப்பு நீராட்டுக்கும் பெண் பார்க்க வருவதற்கும் நடுவில் எங்கள் பெண்களுக்குக் கிடைக்கிற இடைவெளி அதுதான். கனடாவில் ஒரு பையனின் பெயரை 'வளரட்டும்' என்ற பட்டியலில் எழுதுகிற அதே 18 வயதில், இங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கச் சட்டம் வழிவிடுகிறது. பல வீடுகள் சட்டம் வழிவிடும்வரைகூடக் காத்திருப்பதில்லை.

ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எங்கள் பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவள். பையன்களோடு விட்டால் அவர்களும் பின்தங்குவார்கள். பி.டி. டீச்சர் விடுதிக்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார். துணைக்கு நானும் போனேன். அவள் அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "வயசுக்கு வர்ற புள்ளைங்க டீச்சர். அங்க அனுப்பிட்டு இங்க நான் யாருக்குப் பதில் சொல்றது?" டீச்சர் வெகுநேரம் பேசிப் பார்த்தார். விண்ணப்பம் மடித்தபடியே திரும்பியது. இரண்டு ஆண்டு கழித்து அவள் தம்பியை வெளியூர் விடுதியில் சேர்த்தார்கள். அவன் சுமாராகத்தான் ஓடுவான். போகப் போகத் தேறிவிடுவான் என்று அதே அம்மா சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த அம்மாவை வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. ஊருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அவர் தலையில் கட்டியவர்கள் யாரும் அன்று அந்த வாசலில் இல்லை.

திறமையைக் கண்டுபிடிக்கிற கண்ணும் அவ்வளவு நேர்மையானது அல்ல. 1980களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளரும் அவருடன் ஆய்ந்தவர்களும் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி. வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 எல்லைக்கோடு என்பதால், ஜனவரியில் பிறந்த பையன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஒரு வயது பெரியவன். கூடுதலாக வளர்ந்திருந்ததைத் திறமை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இதை வகுப்பில் சொன்னபோது மாணவிகள் சிரித்தார்கள். அவர்களில் பலருடைய வீட்டில் அம்மா, பாட்டியின் பிறந்தநாளெல்லாம் மே, ஜூன் மாதத்தில்தான் வரும். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தோராயமாக எழுதியது. காகிதத்தில் பிறந்த தேதியை வைத்து உடம்பை எடைபோட்டால் என்ன கிடைக்கும்?

ராணி ராம்பாலின் கதையையும் அன்று சொன்னேன். ஹரியானாவின் ஷாபாதில் வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள். ஒட்டி உலர்ந்த உடம்பைப் பார்த்துப் பயிற்சியாளர் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. பயிற்சிக்கு ஆளுக்கு அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும். வீட்டில் 200 மில்லிதான் வாங்க முடியும். மீதிக்குத் தண்ணீர் கலந்து கொண்டுபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அதே பயிற்சியாளர் பல்தேவ் சிங்தான் அவரை உருவாக்கினார். 15 வயதில், 2010இல், உலகக் கோப்பையில் ஆடினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் இந்திய அணி நான்காம் இடம் பிடித்தது. முதல் நாள் பார்வையில் அவர் தேறவில்லை. மறுபடியும் மறுபடியும் போய் நின்றதால் தேறினார். ஆனால் மறுபடியும் போய் நிற்பதற்கு வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். தேர்வுக் குழு அளந்து பார்க்காத தகுதி அது.

எனவே நாம் கேட்க வேண்டியது வெறும் 'சமவாய்ப்பு' அல்ல என்று நினைக்கிறேன். மைதானத்தில் ஒரு நாள் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டால் சமவாய்ப்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் ஆண்டுகள் வேண்டும். தோற்றுப் போக, காயம்பட்டுத் திரும்ப, உடம்பு மாறுகிற இரண்டு மூன்று ஆண்டுகளில் வேகம் குறைந்து மறுபடி ஏற, கல்யாணப் பேச்சு இல்லாமல் இருக்க. பையன்களுக்குக் கேட்காமலே கிடைக்கிற இந்த ஆண்டுகளுக்குத்தான் நாம் கணக்குக் கேட்க வேண்டும்.

கடந்த மே மாதம் மாவட்ட விளையாட்டரங்கத்துக்குப் போயிருந்தேன். விடுதித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விசில் மேல் விசில். சிறுமிகள் முதுகில் எண் குத்திக்கொண்டு ஓடினார்கள். மதிலோரம் மர நிழலில் பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தண்ணீர் பாட்டில், தூக்குப் பாத்திரம், பிள்ளைகளின் செருப்பு. காலை நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்ததாக ஒருவர் சொன்னார். ஒரு நாள் கூலி போயிற்று. "தேறலன்னா?" என்று கேட்டேன். "அடுத்த வருசம் கூட்டியாரணும்" என்றார், கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல்.