மீனுக்கு அவ்வளவு சண்டை, ஐடிக்கு ஏன் இல்லை? பிரெக்சிட் வர்த்தக பேரம் நடந்த கதை

2020 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே வர்த்தக உடன்பாடு எட்டப்பட்டது. கடைசி வரை இழுபறியாக இருந்த விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? மீன்!

பிரிட்டன் பொருளாதாரத்தில் மீன்பிடித் தொழிலின் பங்கு ஒரு சதவீதம்கூட கிடையாது. வங்கி, காப்பீடு, ஐடி, சட்டம் எல்லாம் அடங்கிய சேவைத் துறையின் பங்கோ சுமார் 80 சதவீதம். அப்புறம் ஏன் மீனைப் பற்றியே இவ்வளவு பேச்சு?

2016 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்று வாக்களித்தார்கள். 'கட்டுப்பாட்டை மீட்போம்' என்பதுதான் அந்தத் தரப்பின் முழக்கம். 'நம்ம கடல், நம்ம மீன்' என்றால் எல்லோருக்கும் சட்டென்று புரியும். 'தொழில்முறைத் தகுதிகளுக்குப் பரஸ்பர அங்கீகாரம் வேண்டும்' என்று யாராவது கொடி பிடிப்பார்களா?

முடிவில் சரக்குகளுக்குச் சுங்க வரி இல்லை என்றானது. ஆனால், சுங்கப் படிவம், சுகாதாரச் சான்றிதழ் என்று பேப்பர் வேலை குவிந்தது. அதில் முதலில் அடிவாங்கியது மீன் வியாபாரம்தான். பிரிட்டனில் பிடிக்கும் மீனில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது, அதுவும் அதிகமாக ஐரோப்பாவுக்கு. தாமதமானால் சரக்கு கெட்டுப்போகும். 2021 ஜனவரியிலேயே கடல் உணவு நிறுவனங்களின் லாரிகள் லண்டனில் நாடாளுமன்றப் பகுதிக்கே வந்து நின்று போராட்டம் நடத்தின. ஐரோப்பியப் படகுகளுக்கு பிரிட்டன் கடலில் இருந்த அனுமதியோ 2025 மே மாதம் 2038 வரை நீட்டிக்கப்பட்டது.

சேவைத் துறையின் இழப்பு சத்தமில்லாமல் நடந்தது. லண்டன் உரிமத்தை வைத்தே ஐரோப்பா முழுக்க இயங்கும் வசதியை வங்கிகள் இழந்தன. ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் உற்பத்தித்திறனைவிட நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டனின் பட்ஜெட் கண்காணிப்பு அமைப்பின் மதிப்பீடு.

'மற்ற நாடுகளோடு சொந்தமா ஒப்பந்தம் போடலாமே' என்பது ஆதரவாளர்களின் பதில். போட்டார்கள்தான். ஆஸ்திரேலியாவுக்குப் பிறகு, 2025 ஜூலை 24-ல் இந்தியாவோடும் கையெழுத்தானது. உங்கள் கதை இங்கேதான் வருகிறது.

கம்பெனி உங்களை லண்டனுக்கு ஆன்சைட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வர்த்தக ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பேசி முடித்த தனி உடன்பாட்டின்படி, நீங்கள் இங்கே பிஎஃப் கட்டினால் போதும். குறிப்பிட்ட காலம் வரை அங்கே 'நேஷனல் இன்சூரன்ஸ்' பிடிக்க மாட்டார்கள். 'இந்திய ஊழியர் மலிவாகிவிடுவார், பிரிட்டன் ஊழியர் கதி என்ன?' என்று அங்கே எதிர்க்கட்சிகள் கொதித்தன. அமெரிக்கா, ஜப்பான் உட்படப் பல நாடுகளோடு ஏற்கெனவே இதே மாதிரி ஏற்பாடு இருக்கிறது என்றது அரசு. அரசு சொன்னது நியாயமான வாதம்தான். ஆனால், மீன் மாதிரியே 'வெளிநாட்டவருக்கு வரிச்சலுகை' என்பதும் சட்டென்று புரிகிற வாக்கியம் ஆச்சே!

இதை வைத்து விசா விதி தளர்ந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விசா எடுக்கும்போது கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணமும் அப்படியேதான் இருக்கிறது.