பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் தொடர்கல்வியும் தன்னம்பிக்கையும்

பட்டம் பெற்றுத் தொழிலில் இறங்கிவிட்ட பேச்சு மொழிச் சிகிச்சையாளர், தம் அறிவும் கைத்தேர்ச்சியும் சாஸ்திர வளர்ச்சிக்குப் பின்தங்கிவிடாதவாறு, பணியிலிருக்கும் காலம் முழுவதும் மேற்கொள்ளும் முறையான பயிற்சி தொடர்கல்வி எனப்படும். மக்கள் வழக்கில் ஸ்பீச் தெரபிஸ்ட் என்று வழங்கும் இவருடைய பணியின் எல்லை மிக விரிந்தது. திக்குவாய், உச்சரிப்புப் பிழை, குழந்தையின் மொழி வளர்ச்சித் தாமதம், பக்கவாதத்தால் வரும் பேச்சிழப்பு, குரல் கேடு, உணவு விழுங்குவதில் தோன்றும் கோளாறு ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பில் அடங்கும். காலையில் 3 வயதுக் குழந்தையோடு தரையில் அமர்ந்து பொம்மையை வைத்துப் பேச்சுக் கொடுத்தவரே, மாலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டையில் குழாய் பொருத்திய முதியவரின் படுக்கையருகே நிற்க நேரிடுகிறது. கல்லூரிப் படிப்பொன்றே இவ்விரண்டு இடங்களிலும் ஒத்த துணிவைத் தந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

1925-ஆம் ஆண்டு தோன்றிய அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கத்தின் சான்றிதழை விரும்புவோர், மாணவப் பருவத்தில் 400 மணி நேரம் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சி பெற்று, முதுகலைப் பட்டத்துக்குப் பின் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம், மூத்தவர் ஒருவரின் வழிகாட்டலில் பணிபுரிந்து, அதன் பின்னும் 3 ஆண்டுக்கொரு முறை 30 மணி நேரத் தொடர்கல்வியை நிறைவேற்ற வேண்டும். பிரிட்டனின் ஒழுங்குமுறை மன்றம் மணிக்கணக்கைக் கேட்பதில்லை. 2 ஆண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிப்போருள் 100-க்கு 2.5 பேர் வீதம் தேர்ந்தெடுத்து, அவர்கள் கற்றது நோயாளிக்கு எவ்விதம் பயன்பட்டது என்று எழுத்து மூலம் விளக்கச் சொல்கிறது. இந்தக் கேள்வியே விவேகமான கேள்வி. இந்தியாவில் இத்துறைக் கல்விக்கு முன்னோடியாக விளங்குவது 1965-ஆம் ஆண்டு மைசூரில் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்துகொண்டவர்கள், அங்கீகாரம் பெற்ற பயிலரங்குகளில் கலந்து புள்ளிகள் சேர்த்துப் பதிவைப் புதுப்பிக்கும் ஏற்பாடு உண்டு.

மணிக்கணக்கு நிறைவேறுவதும் மனத்தில் துணிவு பிறப்பதும் ஒன்றல்ல. ஆல்பர்ட் பாண்டுரா என்னும் உளவியல் அறிஞர் 1977-ல் வெளியிட்ட கொள்கையின்படி, ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, அதைத் தானே செய்து வெற்றி கண்ட அனுபவம், தன்னை ஒத்தார் செய்வதைக் காணுதல், மதிப்புக்குரியோரின் ஊக்கமொழி, செயல் வேளையில் உடலும் உள்ளமும் இருக்கும் நிலை ஆகியவற்றினின்று விளைவது. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. வைத்தியர்களின் தொடர்கல்வியை ஆராய்ந்து டேவிஸ் முதலியோர் 1999-ல் வெளியிட்ட கட்டுரையும், சொற்பொழிவை மட்டும் கேட்டுச் சென்றோரின் சிகிச்சை முறை மாறுவதாகத் தெரியவில்லை என்றும், கலந்துரையாடியும் செய்து பார்த்தும் கற்கும் வகுப்புகளே மாறுதலை உண்டாக்க வல்லவை என்றும் காட்டிற்று.

பழகும் வாய்ப்புக் குறைந்தால் துணிவும் குறையும் என்பதற்குத் திக்குவாய்ச் சிகிச்சையே பிரத்தியட்ச சாட்சி. 1993-ஆம் ஆண்டு அமெரிக்கச் சங்கம் தன் விதிகளைத் திருத்தியபின், திக்குவோர் ஒருவருக்கேனும் சிகிச்சை செய்து பழகாமலே பட்டம் பெற முடியும் என்ற நிலை அந்நாட்டில் வந்தது. திக்குவாய் என்றதும் தயங்கும் சிகிச்சையாளர் அங்கே பலர் இருப்பதில் வியப்பில்லை. சொல் தடைப்பட்டு நிற்கும் கணத்தில் அதைத் தாம் முடித்துவைக்காமல் பொறுத்திருப்பது, ஏட்டில் படித்து வருவதன்று. மாணவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பி, முன்பின் அறியாதவரிடம் வேண்டுமென்றே திக்கிப் பேசிவரச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அப்போது கேட்பவர் முகத்தில் தோன்றும் மாறுதலைக் கண்டு திரும்பும் மாணவர், தம் நோயாளி அன்றாடம் படும் வேதனையைப் பல அத்தியாயங்களால் அறிவதினும் அதிகமாக அறிகிறார்.

விழுங்கற் கோளாற்றில் பிழை நேர்ந்தால் உயிருக்கே அபாயம். பேரியம் கலந்த உணவை நோயாளி விழுங்கும்போது அதன் போக்கை எக்ஸ்ரே திரையில் காணும் முறையை வளர்த்தவருள் தலைசிறந்தவர் ஜெரி லோக்மன் என்னும் அமெரிக்க அம்மையார். உணவு சுவாசக் குழாயில் இறங்கியும் இருமலே எழாத நோயாளிகள் உண்டு; படுக்கையருகே நின்று கண்ணாலும் காதாலும் மட்டும் சோதிப்பவர், எத்துணைத் துணிவுடையவராயினும், இதை நிச்சயமாக அறிய இயலாது. திரையில் கண்டதையும் இருவர் இருவிதமாகக் கூறும் குறையை நீக்கும் பொருட்டு, பானி மார்ட்டின்-ஹாரிஸ் முதலியோர் 2008-ல் வெளியிட்ட முறை, விழுங்குதலை 17 கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வகுத்தது. கற்போர் இடும் மதிப்பெண், நிபுணர் இட்டதோடு 100-க்கு 80 அளவேனும் பொருந்தினாலன்றித் தேர்ச்சியில்லை.

இதனினும் எளிய சாதனம் 10 மில்லி சிரிஞ்சு. நோயாளிக்கெனக் கெட்டியாக்கிய பானத்தை அதில் நிரப்பி, நுனியை அடைத்த விரலை எடுத்து, 10 விநாடி ஒழுகவிட்டு மீண்டும் அடைத்தால், உள்ளே எஞ்சியது எவ்வளவு என்பதே பானத்தின் பக்குவத்தைக் கூறிவிடும். 1 மில்லிக்குக் குறைந்தால் அது தண்ணீர் போன்றது, 4 முதல் 8 மில்லி வரை எஞ்சினால் சர்வதேசத் தரத்தில் 2-ஆம் படி. கண்மதிப்பாகக் கலக்கிவந்தவர் தம் கணிப்புச் சரியா தவறா என்பதை அங்கேயே தெரிந்துகொள்கிறார். பயிலரங்குகளில் இதை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துச் செய்யச் சொல்லாமல் படம் காட்டி நிறுத்திவிடுவது பெருங்குறை.

துணிவு மிகுந்தவர் எல்லாரும் திறமை மிகுந்தவர் அல்லர். வைத்தியர்கள் தம்மைத் தாமே மதிப்பிடுவதைப் பற்றி 2006-ல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, திறமை குறைந்தும் நம்பிக்கை மிகுந்தும் இருப்போரின் மதிப்பீடே சில ஆய்வுகளில் மிகவும் பிழைபட்டிருந்தது என்று கூறியது. உச்சரிப்பைத் திருத்தும் பொருட்டு ஊதுகுழல் ஊதவும் நாவை மேலும் கீழும் அசைக்கவும் குழந்தைகளைப் பழக்கும் முறையை அமெரிக்கச் சிகிச்சையாளருள் 100-க்கு 85 பேர் கையாண்டதாக லோஃப், வாட்சன் இருவரும் 2008-ல் கண்டனர். அம்முறையால் பேச்சுத் திருந்தும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று மறு ஆண்டே வேறோர் ஆய்வு அறிவித்தது. நெடுநாள் கையாண்ட முறையை ஒரு சொற்பொழிவைக் கேட்டு விட்டுவிட யாராலும் ஆகாது. அதே குழந்தைக்கு ஒலியையே நேராகப் பயிற்றி, சரியாகச் சொன்ன சொற்களை வாரந்தோறும் எண்ணிக் குறித்து, அக்குறிப்பை மூத்தவர் ஒருவரோடு இருந்து ஆராயும்போதுதான் மனம் மாறும். சிற்றூர் மருத்துவமனையில் தனித்துப் பணிபுரிவோர்க்கு அத்தகைய மூத்தவர் அருகில் இல்லை. நோயாளியின் சம்மதத்தோடு சிகிச்சையை வீடியோவில் பதிந்து, தொலைவிலுள்ளவரிடம் காட்டி ஆலோசனை பெறும் வசதி இப்போது கைவந்திருக்கிறது; அவ்வாறு செலவாகும் நேரத்தையும், கருத்தரங்கில் அமர்ந்த நேரத்துக்குச் சமமாக, தொடர்கல்விக் கணக்கில் ஏற்றுக்கொள்வது அவசியம்.