பேய்க்கதை மரபு: வில்லியனூர், பாகூர் வட்டாரம்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும் அவற்றைச் சூழ்ந்த கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களிலும் வழங்கும் பேய், முனி, காட்டேரி, மோகினிக் கதைகளும், அவற்றோடு உறவுடைய தெருக்கூத்து, புனைகதை, திரைப்படம் ஆகியவையும் இங்கே ஒரே மரபாகக் கொள்ளப்படுகின்றன. புதுச்சேரி நிலம் துண்டுதுண்டாகத் தமிழ்நாட்டுக்குள் கிடக்கிறது. கதைகளுக்கு அந்த எல்லைக்கல் தெரியாது.

மேலைநாட்டில் அச்சக் கதையின் பிறந்த வீடு பாழடைந்த கோட்டை. ஹொரேஸ் வால்போலின் ‘ஒட்ரான்டோ கோட்டை’ 1764இல் வெளியானபோது புதுச்சேரி நகரமே பாழாகக் கிடந்தது. 1761இல் அதை இடித்துத் தள்ளிய ஆங்கிலேயர் 1765இல்தான் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பித் தந்தார்கள். ஆனால் நகரத்தை அடுத்த கிராமங்களில் பயம் இடிந்த மாளிகையைத் தேடிப் போகவில்லை. புளியமரத்தடி, ஏரிக்கரை, சுடுகாட்டு வழி, ஆள் நடமாட்டமில்லாத உச்சிவேளை ஆகியவையே அதன் இடமும் பொழுதும்.

தெற்கே தென்பெண்ணை, வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி, அவற்றோடு பாகூர் ஏரியும் ஊசுட்டேரியும் என இது நீரும் நெல்லுமான பூமி. இரவில் மடை திருப்பப் போகிறவன் தனியாகத்தான் போக வேண்டும். அவன் கண்ணில் படுவது கொள்ளிவாய்ப் பிசாசு: தூரத்துச் சேற்று நிலத்தில் தோன்றி, கிட்டப் போனால் விலகும் நெருப்பு. மக்கும் தழையிலிருந்து எழும் வாயு எரிவதே அது என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் தெரிந்தவனும் அந்த வரப்பில் நடையை எட்டிப் போடுவான்.

பயந்து வந்தவனுக்குக் ‘காத்து கருப்பு பட்டிருக்கு’ என்று சொல்லி, வேப்பிலை அடித்து, திருநீறு மந்திரித்துப் பூசி, தாயத்துக் கட்டுவது வழக்கம். வட தமிழகத்தில் காட்டேரி விரட்டப்பட வேண்டிய பேய் மட்டுமன்று; பல குடும்பங்களில் படையல் பெறும் தெய்வமும் அவளே. கெட்டுச் செத்தவர்களுக்கும் கேட்பாரற்றுப் போனவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கி, பேர் சொல்லிச் சோறு வைக்கும் இந்தக் குணம்தான் இம்மரபின் உயிர் என்று சொல்லலாம். வில்லியனூரை அடுத்த திருக்காஞ்சி, சங்கராபரணிக் கரையில் நீத்தார் கடன் செய்யும் தலம். தந்தையின் அஸ்தியோடு காசிக்குப் புறப்பட்ட ஒருவர் இங்கே வந்ததும் அது பூவாகியது என்பது அதன் தலக்கதை.

இவை எல்லாவற்றுக்கும் உச்சம் அரவான் கதை. வியாச பாரதத்தில் அருச்சுனனுக்கும் உலூபிக்கும் பிறந்த இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் மடிகிறான். தமிழில் அவன் பலியாகிறான். 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அக்களப்பலி வந்துவிட்டது. முப்பத்திரண்டு இலட்சணமும் பொருந்தியவன் காளிக்குத் தன்னைத் தர இசைகிறான். பலிக்குரிய அமாவாசையையே கண்ணன் ஒரு நாள் முன்னுக்கு இழுக்கிறான். சாகுமுன் மணம் வேண்டும் என்றவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. கண்ணனே மோகினியாகி ஓரிரவு மனைவியாகிறான். அறுபட்ட பிறகும் உயிர் விடாத தலை, போர் முழுவதையும் உயரத்திலிருந்து பார்க்கிறது.

இந்தத் தலையே கூத்தாண்டவர். சித்திரை மாதம் கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் விழா நாடறிந்தது. புதுச்சேரிக் கிராமப்புறத்தில் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் கோயில் உண்டு. வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி, மாரில் அடித்து அழும் அந்தக் காலைப்பொழுதில் கதை எது, அழுகை எது என்று பிரிக்க முடியாது.

திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இதே கதை கூத்தாகிறது. இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். முதலில் தெரிவது துணிக்கு மேல் கிரீடத்தின் நுனி மட்டும். கீழே சலங்கைக் கால்கள். முகவீணை இழைய, உள்ளிருந்தபடியே ஒரு பாட்டுப் பாடி முடிந்த பிறகுதான் துணி விலகும். முகம் தெரியுமுன் வரும் அந்தப் பொழுதில் முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடிக்குள் புகுந்துவிடுவார்கள். இதைவிடத் தேர்ந்த திகில் உத்தியைச் சினிமாவும் கண்டுபிடித்ததில்லை.

எழுத்தில் இந்த அச்சத்தைக் கலையாக்கிய புதுமைப்பித்தன் (1906–1948) பிறந்த திருப்பாதிரிப்புலியூர், பாகூருக்குத் தெற்கே பெண்ணையாற்றைத் தாண்டினால் வந்துவிடும். பிள்ளைப் பருவமும் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சிப் பக்கமே கழிந்தது. ‘காஞ்சனை’யில் வீட்டுக்குள் வேலைக்கு வரும் பெண் பேயா, எழுத்தாளன் மனத்தின் தோற்றமா என்பதை அவர் கடைசிவரை அவிழ்க்கவில்லை. ‘செவ்வாய் தோஷம்’ இரத்தக் காட்டேரிக் கதை. மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தவரும் அவரே.

வாய்மொழிக் கதைகளுக்கு ஏடு தந்தவர் கி. ராஜநாராயணன். இடைசெவலின் கரிசல்காட்டிலிருந்து 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, மாணவர்களை ஊர் ஊராக அனுப்பிக் கதை திரட்டினார். ‘புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகள்’ அந்த உழைப்பின் விளைச்சல். 2021 மே 17 அன்று புதுவையிலேயே காலமானார்.

திரையில் ‘பாதாள பைரவி’ (1951), விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’ (1978) ஆகியவை மாயமந்திரத்தைக் கொண்டாடின. 2011இல் வந்த ‘காஞ்சனா’வில் நியாயம் கேட்டுத் திரும்பும் பேய், கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. அரவானின் கைம்பெண்கள் ஆண்டுதோறும் அழும் இம்மண்ணில் அந்தப் பேயின் கோபம் யாருக்கும் அந்நியமாகப் படவில்லை.

இவ்வூர்களின் முனிக் கதைகளில் பலவும் இன்னும் எழுத்துக்கு வராதவை. சொல்லத் தெரிந்த பாட்டிமார் வில்லியனூரிலும் பாகூரிலும் இன்னும் இருக்கிறார்கள். கையில் கைபேசி உள்ள பேரப்பிள்ளைகள் அவர்கள் பேச்சை அப்படியே பதிந்து, ஊரையும் நாளையும் குறித்து வைக்க வேண்டும்.